அம்மாவுக்கு வைத்தியம் இலவசம், கூட இருக்கும் மகளுக்கு சம்பளம் கட்: மருத்துவ, குடும்ப விடுப்பில் ஓட்டை எங்கே?

அம்மாவுக்கு கீமோதெரபி என்று வைத்துக்கொள்வோம். பல சிகிச்சைகளில் 21 நாளைக்கு ஒரு சுற்று, மொத்தம் 6 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் முந்தைய நாள் ரத்தப் பரிசோதனை, மறுநாள் மருந்து ஏற்றுவது, அதற்கடுத்து வாந்தியும் சோர்வுமாக இரண்டு நாள். கூட இருப்பவருக்கு ஒரு சுற்றுக்கு 4 நாள் லீவ் வேண்டும். ஆறு சுற்றுக்கு 24 நாள். எல்லாம் திட்டப்படி நடந்தால்தான் இந்தக் கணக்கு. நடுவில் காய்ச்சல் வந்து அட்மிட் செய்யச் சொன்னால் கணக்கு மாறிவிடும்.

இப்போது சட்டம் என்ன கொடுக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி சம்பளத்துடன் மூன்று வகை விடுப்பு உண்டு. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு, ஓராண்டு வேலை செய்து முடித்த பிறகு 12 நாள் ஈட்டிய விடுப்பு. நம்ம பாஷையில் சிஎல், எஸ்எல், இஎல். மொத்தம் 36 நாள். நல்லாத்தானே இருக்கு என்று தோன்றும். ஆனால் அந்த 12 நாள் எஸ்எல் உங்களுக்கு நோய் வந்தால்தான். அம்மாவுக்கு வந்தால் கிடையாது. மிச்சம் 24 நாள். அதாவது ஒரு கீமோ கோர்ஸுக்குச் சரியாக இருக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போவதோ, தங்கச்சி கல்யாணமோ, வீட்டு ஓனர் காலி செய்யச் சொன்னால் வீடு தேடுவதோ அந்த வருடம் நடக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை என்றால் அந்த 24-ம் 12 ஆகிவிடும்.

அதற்குப் பிறகு எல்ஓபி. சம்பளமில்லா விடுப்பு. அதற்கும் பிறகு, பல வீடுகளில், ராஜினாமா.

‘பெய்ட் ஃபேமிலி அண்ட் மெடிக்கல் லீவ்’ என்று அமெரிக்காவில் ஒரு சொல் புழங்குகிறது. உடம்பு சரியில்லாமல் போனாலும், குழந்தை பிறந்தாலும், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலும், வேலையும் போகாமல் சம்பளமும் முழுசாக நிற்காமல் விடுப்பு எடுக்க வழி செய்வது. இந்த மூன்றில் முதல் இரண்டுக்கு இந்தியாவில் சட்டம் இருக்கிறது. அதுவும் அரைகுறையாக, யாருக்கு எவ்வளவு என்பது சம்பளத்தைப் பொறுத்து. மூன்றாவதுக்கு, தனியார் துறையில், எதுவுமே இல்லை.

இஎஸ்ஐ கார்டுக்குள் ஒரு நல்ல யோசனை

சம்பளத்தில் மாசாமாசம் பிடிக்கிறார்களே, அந்த இஎஸ்ஐ, அதை பல பேர் ‘ஆஸ்பத்திரி கார்டு’ என்று மட்டும்தான் நினைக்கிறார்கள். அதில் ஆஸ்பத்திரி பாதிதான். மீதி, சம்பளக் காப்பீடு.

பி.பி. அதார்கர் 1944-ல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில், 1948-ல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் மாதச் சம்பளம் ரூ.21,000 வரை வாங்குபவர்களுக்கு இது பொருந்தும். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு ரூ.25,000. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ரூ.18,000 வாங்கும் செக்கிங் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பங்கு மாதம் ரூ.135. கம்பெனி பங்கு ரூ.585. இரண்டும் சேர்ந்து ரூ.720. அவருக்கு டைபாய்டோ, குடலிறக்க ஆபரேஷனோ வந்து வேலைக்குப் போக முடியவில்லை என்றால், ஆண்டுக்கு 91 நாள் வரை தினசரி சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம் இஎஸ்ஐ நிதியிலிருந்து வரும். நாளுக்கு சுமார் ரூ.420. முழு 91 நாளும் எடுத்தால் ரூ.38,220. முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ‘லேசா தலைவலி’ கேஸ்களை வடிகட்ட வைத்த விதி அது.

காசநோய், புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு மாதிரி 34 நீண்டகால நோய்கள் பட்டியலில் இருக்கின்றன. தொடர்ந்து இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்து, உரிய நாட்களுக்குப் பங்களிப்பும் கட்டியிருந்தால், இந்த நோய்களுக்கு 80 சதவீதச் சம்பளம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். வேலையில் அடிபட்டு தற்காலிகமாக முடங்கினால் 90 சதவீதம், அந்த முடக்கம் இருக்கும் வரை. மகப்பேறுக்கு 26 வாரம், முழுச் சம்பளம்.

அந்தப் பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. முதலாளி பாக்கெட்டிலிருந்து வரவில்லை. ஆரோக்கியமாக இருந்த மாதங்களில் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட உண்டியலிலிருந்து வருகிறது. அதனால் சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. இஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழ் இருந்தால் கோரிக்கை வைக்கலாம். நோய்க்காலப் பணம் வாங்கும் நாட்களில் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்பதும் 1948 சட்டத்தின் 73-வது பிரிவிலேயே இருந்த விதி. (2025 நவம்பர் 21 முதல் இஎஸ்ஐ சட்டமும் மகப்பேறு சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 என்ற ஒரே குடைக்குள் வந்துவிட்டன. உள்ளே இருக்கும் ஏற்பாடு பெரும்பாலும் பழையதுதான்.)

ஓட்டை இங்கேதான் இருக்கிறது

அதே திருப்பூர் தொழிலாளியின் அம்மா, வருமானம் இல்லாமல் மகளைச் சார்ந்து இருப்பவர் என்றால், இஎஸ்ஐ-யில் அவருக்கும் சிகிச்சை உண்டு. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் செலவு இல்லை. மாத்திரை, ஸ்கேன், பெட் எல்லாம் திட்டத்தில் அடக்கம்.

ஆனால் நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தனியாக விட முடியுமா? கூட ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும். அட்டெண்டர் பாஸ் கொடுப்பதே அதற்காகத்தான். மருந்து வாங்கி வர, ஸ்ட்ரெச்சர் தள்ள, சாப்பாடு ஊட்ட, படுக்கையிலேயே துடைத்துவிட, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பதில் சொல்ல ஒருவர் வேண்டும். நர்ஸுகள் எண்ணிக்கை குறைவாக இருக்கும் இடத்தில் பாதி வேலையை அந்த அட்டெண்டர்தான் செய்கிறார். மருத்துவமனை அவரை நம்பித்தான் ஓடுகிறது.

அந்த அட்டெண்டராக இருக்கும் மகளுக்கு ஒரு ரூபாய் கிடையாது. அவளுக்கே பக்கவாதம் வந்திருந்தால் சம்பளத்தில் பெரும்பகுதி வரும். அம்மாவுக்கு வந்ததால் பூஜ்யம். அம்மாவின் சிகிச்சைக்காக லட்சக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருக்கும் அதே நிதி, அந்தச் சிகிச்சை பலிக்கத் தேவையான ஆளை வேலையில் தக்கவைக்க எதுவும் தருவதில்லை.

இதோடு முடியவில்லை. இஎஸ்ஐ-யில் நோய்க்காலப் பணம் வாங்க, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்கு சம்பளம் வாங்கியிருக்க வேண்டும். அம்மாவைப் பார்க்க மூணரை மாசத்துக்கு மேல் எல்ஓபி போட்டுவிட்டால் அந்த 78 நாள் தேறாது. அப்புறம் அடுத்த பயன்காலத்தில் மகளே படுத்தாலும் பணம் வராது. ஓய்வே இல்லாமல் மூன்று மாதம் ஆஸ்பத்திரித் தரையில் படுத்து எழுந்தவருக்கு உடம்பு கெடும் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில்தான் காப்பீடும் கைவிடுகிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதே கதைதான். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை ஆஸ்பத்திரிச் செலவை அரசு ஏற்கிறது, நல்ல விஷயம். ஆனால் பில் இல்லாமல் டிஸ்சார்ஜ் ஆகி வரும் வீட்டில் மூணு மாச வாடகை பாக்கி நிற்கும். அதுவும் சிகிச்சைச் செலவுதான். எந்தக் காப்பீட்டுத் திட்டமும் அதை அப்படிப் பார்ப்பதில்லை.

யார் அந்த அட்டெண்டர் என்பதும் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவான விஷயம். மத்தியப் புள்ளியியல் துறையின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். அப்படி ஈடுபடும் பெண் ஒரு நாளில் சுமார் 140 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார், ஆண் 74 நிமிடம். வீட்டில் யாராவது வேலையை விட வேண்டும் என்று வந்தால், சம்பளம் குறைவாக இருப்பவர் விடட்டும் என்பார்கள். அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ரூ.21,000-க்கு மேல் போனால்?

இதைப் படிக்கும் பலரும் அந்த வரம்பைத் தாண்டியவர்களாக இருப்பீர்கள். ஓஎம்ஆரில் ரூ.35,000, ரூ.60,000 வாங்குபவருக்கு இஎஸ்ஐ கிடையாது. கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கும். அது ஆஸ்பத்திரி பில்லுக்கு. ஆபரேஷன் முடிந்து வீட்டில் ஆறு வாரம் படுத்திருக்கும் சம்பளத்தை அந்தப் பாலிசி தராது. சட்டப்படி இருப்பது அந்த 12 நாள் எஸ்எல்-ம் மிச்சமிருக்கும் விடுப்பும்தான்.

அதாவது சம்பளம் ரூ.20,500 இருந்தபோது மூன்று மாத நோய்க்கு 70 சதவீதம் உத்தரவாதமாக இருந்தது. இன்க்ரிமென்ட் போட்டு ரூ.21,500 ஆனதும், நடப்பு பங்களிப்புக் காலம் முடிந்த பிறகு, அது போய்விடுகிறது. பல தொழிற்சாலைகளில் ஆயிரம் ரூபாய் உயர்வு வேண்டாம் என்று தொழிலாளிகளே சொல்வது இதனால்தான். இந்த வரம்பு 2017 ஜனவரியில் ரூ.15,000-லிருந்து ரூ.21,000 ஆக உயர்த்தப்பட்டது. அன்றைய ரூ.21,000-க்கு வாடகையும் பாலும் பெட்ரோலும் என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள்.

பெரிய ஐடி கம்பெனிகள் சில, கொள்கையாக கேர்கிவர் லீவ் கொடுக்கின்றன. கொடுக்கட்டும். ஆனால் அது ஆஃபர் லெட்டரில் இருக்கும் சலுகை. கம்பெனி மாறினால், கொள்கை மாறினால், மேனேஜர் முகம் மாறினால் அதுவும் மாறும். 15 பேர் வேலை செய்யும் ஸ்டார்ட்அப்பில் அதுகூட இல்லை. அங்கே ‘பார்த்துக்கலாம் ப்ரோ’தான் லீவ் பாலிசி.

26 வாரம்: யார் பணம்?

மகப்பேறு விடுப்பைப் பார்த்தால் இந்த உண்டியல் விஷயம் இன்னும் தெளிவாகப் புரியும். 1961-ம் ஆண்டு மகப்பேறு பயன்கள் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரம் 26 வாரமானது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 50 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். உலக அளவில் பார்த்தால் தாராளமான சட்டம். ஆனால் இஎஸ்ஐ-க்கு வெளியே இருக்கும் பெண்களுக்கு, இந்த 26 வாரச் சம்பளம் மொத்தத்தையும் அந்த ஒரு முதலாளியே கொடுக்க வேண்டும்.

ரூ.18,000 வாங்கும் பனியன் கம்பெனிப் பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு என்றால் பணம் இஎஸ்ஐ தரும். கம்பெனிக்குச் செலவு, அந்த இடத்துக்கு இன்னொரு ஆளைப் போடுவது மட்டும். ரூ.40,000 வாங்கும் டிசைனருக்கு என்றால் 12 பேர் இருக்கும் சின்ன கம்பெனி ஆறு மாசத்துக்கு ரூ.2.4 லட்சம் கையிலிருந்து எடுக்க வேண்டும். அந்த கம்பெனி ஓனர் அடுத்த இன்டர்வியூவில் 27 வயதுப் பெண்ணைப் பார்த்து ‘கல்யாணம் ஆயிடுச்சாம்மா?’ என்று கேட்பார். கேட்பது தப்பு. ஆனால் அந்தக் கேள்விக்கு ரூ.2.4 லட்சம் விலை வைத்தது சட்டத்தை எழுதியவர்கள்தான்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு இதை முன்பே யோசித்திருக்கிறது. 2000-ம் ஆண்டின் 183-வது உடன்படிக்கை, மகப்பேறு காலப் பணம் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வர வேண்டும், தனி முதலாளி மேல் நேரடியாகச் சுமத்தக் கூடாது என்கிறது. பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள் என்பதுதான் காரணம். இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. 2018-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகம், 7 வாரச் சம்பளத்தை முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு திட்டம் யோசிப்பதாகச் சொன்னது. அதன் பிறகு அது பேச்சோடு நின்றுவிட்டது.

அப்பாக்கள் கதை இன்னும் சுருக்கம். தனியார் துறையில் தந்தைக்கு சட்டப்படி ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. 2017-ல் நாடாளுமன்றத்தில் ஒரு தனிநபர் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். அங்கே பெண் ஊழியர்களுக்கும் தனித்து வாழும் தந்தைகளுக்கும் பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். அரசு வேலைக்கு ஏன் இவ்வளவு போட்டி என்று கேட்பவர்களுக்கு இதில் பாதி பதில் இருக்கிறது.

2025 ஜூலையில் ‘பெற்றோரைப் பார்க்க 30 நாள் லீவ், மத்திய அரசு அறிவிப்பு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றியது ஞாபகம் இருக்கலாம். அது புது விடுப்பு இல்லை. மாநிலங்களவையில் ஒரு கேள்விக்கு அமைச்சர் ஜிதேந்திர சிங் பதில் சொன்னார்: மத்திய அரசு ஊழியர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் 30 நாள் ஈட்டிய விடுப்பை வயதான பெற்றோரைப் பார்ப்பது உள்பட எந்தச் சொந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம் என்று. அவ்வளவுதான். ஆனால் அது அவ்வளவு வேகமாகப் பரவியதே, எத்தனை வீட்டில் இது எரியும் பிரச்சினை என்று காட்டியது.

மற்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள்?

இந்த விஷயத்தில் அமெரிக்கா முன்மாதிரி இல்லை. 1993-ல் பில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் 12 வார விடுப்பு தருகிறது, ஆனால் சம்பளமில்லாமல். தனியார் துறையில் 50 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்களில் மட்டும். சம்பளத்துடன் விடுப்பு என்பது மாநிலங்கள் தாங்களாகச் செய்தது. கலிஃபோர்னியா 2002-ல் சட்டம் போட்டு 2004 ஜூலையில் தொடங்கியது. இன்று அங்கே குழந்தை பிறந்தாலும், பெற்றோரோ துணையோ படுத்தாலும் 8 வாரம் வரை பணம் கிடைக்கும். 2025 முதல் சம்பளத்தில் 70 முதல் 90 சதவீதம் வரை, குறைந்த சம்பளக்காரருக்கு அதிக சதவீதம். பணம் முழுக்க தொழிலாளர்களின் பங்களிப்பிலிருந்து வருகிறது. 2025-ல் அது சம்பளத்தில் 1.2 சதவீதம், சொந்த நோய்க்கான காப்பீடும் அதிலேயே சேர்த்து. மின்னசோட்டாவில் 2026 ஜனவரி 1-ல் இதே மாதிரி திட்டம் தொடங்கியது.

கலிஃபோர்னியாவில் திட்டம் வரும்போது வணிக அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. சில ஆண்டு கழித்து எலைன் ஆப்பிள்பாம், ரூத் மில்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 250-க்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் கேட்டார்கள். உற்பத்தித்திறனில் நல்ல விளைவு அல்லது பெரிய மாற்றமில்லை என்று கிட்டத்தட்ட 90 சதவீத நிறுவனங்கள் சொல்லின. அதே ஆய்வில் ஒரு சங்கடமான விஷயமும் வெளிவந்தது. தகுதியுள்ள தொழிலாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியவில்லை. இஎஸ்ஐ-யை ஆஸ்பத்திரி கார்டாக மட்டும் நினைக்கும் நமக்கு இது புதிதல்ல.

நமக்கு இன்னும் பொருத்தமான பாடம் ஜப்பான். வயதானவர்கள் அதிகம், பிள்ளைகள் குறைவு. அங்கே குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க, அந்த ஒருவருக்காக மொத்தம் 93 நாள் விடுப்பு எடுக்கலாம். மூன்று தவணையாகப் பிரித்தும் எடுக்கலாம். சம்பளத்தில் 67 சதவீதத்தை வேலைவாய்ப்புக் காப்பீட்டு நிதி தருகிறது. தவணையாகப் பிரிக்கலாம் என்பதை கீமோ கணக்கோடு சேர்த்துப் பாருங்கள், அதன் அருமை புரியும். இருந்தும் ஜப்பானில் ஆண்டுக்கு சுமார் ஒரு லட்சம் பேர் பெற்றோரையோ உறவினரையோ பராமரிக்க வேலையை விடுகிறார்கள். முதுமை நோய்கள் 93 நாளில் முடிவதில்லை. விடுப்பு, அடுத்த ஏற்பாட்டைச் செய்துகொள்ள அவகாசம் தரும். வீட்டுக்கு வரும் நர்ஸ், பகல்நேர முதியோர் மையம் போன்ற அந்த ‘அடுத்த ஏற்பாடு’ வெளியே இருந்தால்தான் அந்த அவகாசத்துக்கும் பயன்.

தமிழ்நாடு அந்தத் திசையில்தான் போகிறது. 2021 நிலவரப்படி மாநில மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 13.6 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. கேரளாவுக்கு அடுத்தபடி நாம்தான். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை. அதாவது இன்று 30 வயதில் இருக்கும் ஒருவருக்கு அம்மா, அப்பாவைப் பகிர்ந்து பார்க்க அண்ணன், தங்கை என்று நாலு பேர் இல்லை. ஒருவர் இருந்தாலும் அவர் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்.

‘எல்லாரும் ஏமாத்துவாங்க’

இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வரும் எதிர்வாதம் இது. பொய்ச் சான்றிதழ் வாங்கி லீவ் போடுவார்கள் என்பது. சிலர் போடுவார்கள். சொந்த நோய்க்கான விடுப்பிலும் அந்த ஆபத்து இருக்கிறது. அதற்காகத்தான் இஎஸ்ஐ-யில் முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை, 100-க்குப் பதில் 70 சதவீதம், சான்றிதழும் அவர்கள் டாக்டரிடமே. பராமரிப்பு விடுப்பில் சரிபார்ப்பது இன்னும் சுலபம். நோயாளி அதே ஆஸ்பத்திரியில்தான் அட்மிட் ஆகியிருக்கிறார், கேஸ் ஷீட் அவர்களிடமே இருக்கிறது.

சின்ன கம்பெனி தாங்காது என்பது இரண்டாவது. சம்பளத்தை கம்பெனியே கொடுக்க வேண்டும் என்றால் தாங்காதுதான். நிதியிலிருந்து கொடுத்தால் தாங்கும். ஆள் இல்லாத சிரமம் உண்மையான சிரமம், அதை மறுக்க முடியாது. ஆனால் பயிற்சி பெற்ற ஆள் ராஜினாமா செய்தால் வரும் சிரமம் அதைவிட நீளமானது.

பணத்துக்கு எங்கே போவது என்பது மூன்றாவது, இதுதான் நியாயமான கேள்வி. 2019 ஜூலை வரை இஎஸ்ஐ பங்களிப்பு மொத்தம் 6.5 சதவீதமாக இருந்தது, தொழிலாளி 1.75, முதலாளி 4.75. அதை 4 சதவீதமாகக் குறைத்தார்கள். நம் ரூ.18,000 தொழிலாளியின் பங்கு ரூ.315-லிருந்து ரூ.135 ஆனது. பயன்கள் எதையும் வெட்டாமல் இரண்டரை சதவீதத்தைக் குறைக்க முடிந்த நிதியில், அதில் ஒரு சின்னப் பங்கைத் திரும்பப் போட்டு, ஆண்டுக்கு 30 நாளாவது, பிரித்து எடுக்கும்படி, 70 சதவீதச் சம்பளத்தோடு ஒரு பராமரிப்பு விடுப்பைத் தொடங்குவது பெரிய கனவு இல்லை. வரம்பை உயர்த்துவதும், வரம்புக்கு மேல் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி வசதி வேண்டாம், நோய்க்காலமும் மகப்பேறும் பராமரிப்பும் மட்டும் போதும் என்று குறைந்த பங்களிப்பில் ஒரு தனிப் பிரிவு தொடங்குவதும் அடுத்த படி. ரூ.40,000 வாங்கும் பெண்ணின் மகப்பேறுச் சம்பளத்தை நிதி ஏற்றுக்கொண்டால் அந்த இன்டர்வியூ கேள்விக்கும் காரணம் குறையும்.

இதில் ஒரு பெரிய கூட்டம் வெளியே நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டு வேலை, கட்டட வேலை, டெலிவரி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ரூ.18,000 மதிப்பில் உதவி கிடைக்கிறது. கிக் தொழிலாளர்களுக்கு 2023 டிசம்பரில் தமிழ்நாடு நல வாரியம் அமைத்தது. புதிய சட்டத் தொகுப்பில் டெலிவரி ஆப் கம்பெனிகள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த நிதியில் என்னென்ன தரலாம் என்று விதி எழுதும்போது நோய்க்காலச் சம்பளத்தையும் எழுதுங்கள் என்று கேட்க வேண்டிய நேரம் இது. பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்த டெலிவரி பையனுக்கு பிளாஸ்டர் இலவசமாகக் கிடைத்துவிடும். அடுத்த ஆறு வாரத்துக்கு இஎம்ஐ யார் கட்டுவது?

இப்போதைக்கு நீங்கள் செய்யக் கூடியது

பே ஸ்லிப்பில் இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால், உங்கள் காப்பீட்டு எண்ணைக் குறித்து வைத்து, அப்பா அம்மா பெயர் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு சேர்க்க அலைவது கொடுமை. தனியார் டாக்டரிடம் காட்டினாலும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் சான்றிதழ் வாங்காமல் நோய்க்காலப் பணம் கேட்க முடியாது. பலரும் இந்த ஒரு படியைத் தவறவிட்டுத்தான் பணத்தை இழக்கிறார்கள்.

வீட்டில் ஒருவருக்கு நீண்ட சிகிச்சை என்றால், ராஜினாமா கடிதம் எழுதும் முன் ஹெச்ஆரிடம் விடுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்த விடுப்பு எத்தனை நாள் மிச்சம் என்பதற்கு பதில் எழுத்தில் வரட்டும். முடிந்தால் அண்ணனும் தங்கையும் முறை வைத்து எல்ஓபி எடுங்கள். எடுக்கும் முன் காலண்டரில் இரண்டு தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை கட்டும் பங்களிப்புக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பணப்பயன். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை கட்டுவதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. இரண்டு பாதியிலும் தனித்தனியாக 78 நாள் தேற வேண்டும். நீண்ட எல்ஓபி தவிர்க்கவே முடியாது என்றால், செப்டம்பர் கடைசியைத் தாண்டிப் பிரித்து எடுத்தால் இரண்டு பக்கமும் தப்பிக்கலாம்.